நோட்டின் எண்: ஷரஃபியாவிலிருந்து ஹாஷ் வரை

ஜித்தாவின் ஷரஃபியாவில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேலை பார்த்தவர்களிடம், ஊருக்குப் பணம் எப்படிப் போனது என்று கேட்டுப் பாருங்கள். வங்கி டிராஃப்ட், பதிவுத் தபால், விடுமுறையில் போகிறவர் கையில் கொடுத்துவிட்ட உறை என்று வரிசையாகச் சொல்வார்கள். கடைசியாக, குரலைச் சற்றுத் தாழ்த்தி, உண்டியல் என்பார்கள். மலபார்க்காரர்கள் அதையே குழல்பணம் என்றார்கள். செய்தித்தாள்கள் ஹவாலா என்று எழுதின. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கொழும்பிலும் அது உண்டியல்தான். வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் கோவில் காணிக்கைப் பெட்டியையோ மண்கலத்தில் போட்ட சில்லறையையோ மட்டும்தான் நினைவூட்டும். ஒரு காலத்தில் அது கடல் தாண்டிப் பணம் போகும் வழியின் பெயர்.

உண்டியலுக்குப் பல நடைமுறைகள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊரில் பணம் வாங்க வேண்டியவர் தன்னிடமுள்ள ஒரு பத்து ரூபாய் நோட்டைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வார். அதன் எண்ணை மட்டும் ஜித்தாவுக்குச் சொல்லி அனுப்புவார். ஜித்தாவில் இருப்பவர் ரியாலையும் அந்த எண்ணையும் உண்டியல்காரரிடம் கொடுப்பார். உண்டியல்காரர் எண்ணையும் தொகையையும் சென்னையிலோ கொழும்பிலோ உள்ள தன் கூட்டாளிக்குத் தெரிவிப்பார். இரண்டொரு நாளில் ஒரு பையன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். 'நோட்டைக் காட்டுங்கள்' என்பான். எண் ஒத்துப்போனால் பணத்தைக் கொடுத்துவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டு போவான். அந்த நோட்டுதான் அவனுக்கு ரசீது. நோட்டை இரண்டாகக் கிழித்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. தத்துவம் ஒன்றுதான்.

இது சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் இந்தியாவில் இதைக் குற்றமாக்கியது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனையின் தன்மையை மாற்றியதே தவிர அனுமதி தரவில்லை. சவூதியிலும் உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் செய்வது குற்றம். கடத்தல்காரரும் கறுப்புப் பணக்காரரும் இதே வழியில்தான் போனார்கள். மாதம் எண்ணூறு ரியால் சம்பளத்தில் ஐந்நூறை வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்களோடு அதே வழியில் நடந்தார்.

நோட்டு எண்ணில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். தொலைபேசியில் யார் ஒட்டுக்கேட்டாலும் கேட்டவருக்குக் கிடைப்பது வெறும் எண். அதை வைத்துப் பணம் வாங்க முடியாது. வாங்க வேண்டுமென்றால் நோட்டு வேண்டும். எண்ணிலிருந்து நோட்டை உண்டாக்க ரிசர்வ் வங்கியின் அச்சகத்தால்தான் முடியும். நோட்டைப் பார்த்து எண்ணைப் படிப்பதோ, எழுத்துக்கூட்டத் தெரிந்த யாராலும் முடியும். ஒரு பக்கம் போவது எளிது, திரும்பி வருவது அரிது. கணினி அறிவியலில் ஹாஷ் என்று சொல்லப்படும் சார்பின் இயல்பு இதுவேதான். ஓர் இரகசியத்தை வெளியிடாமல், அதற்குரிய ஹாஷை மட்டும் முன்கூட்டிக் கொடுத்துவைத்துப் பின்னர் இரகசியத்தைத் திறந்து காட்டுவதை ஆங்கிலத்தில் கமிட்மென்ட் என்கிறார்கள். தமிழில் முன்னுறுதி என்று வைத்துக்கொள்ளலாம். ஷரஃபியாக்காரர்கள் கணிதம் இல்லாமலே அதைக் கையாண்டார்கள்.

அது ஏன் ஜித்தாவில் இவ்வளவு இயல்பாக வேர்விட்டது என்பதற்கு ஊரின் வரலாறே பதில் சொல்லும். மக்காவின் துறைமுகமாக அது கலீஃபா உஸ்மான் காலத்தில் ஆனது, கி.பி. 647இல். அன்றிலிருந்து உலகின் எல்லா நாணயங்களும் வந்து குவிந்த ஊர் அது. நாணயம் மாற்றும் சராஃப் அங்கே முக்கியமான ஆள். டச்சுக்காரர்களின் நெதர்லாந்து வணிகச் சங்கம் 1926இல் ஜித்தாவில் கிளை திறந்தது, கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வரும் ஹஜ் பயணிகளை நம்பி. சவூதியின் நாணய முகமை, சுருக்கமாகச் சாமா, 1952இல் ஜித்தாவில்தான் தொடங்கியது. அதன் சாசனப்படி அது காகிதப் பணம் அச்சிடக் கூடாது. மக்களுக்கோ வெள்ளி ரியாலின் கனத்தில்தான் நம்பிக்கை. பயணிகள் வெள்ளி மூட்டையைச் சுமந்துகொண்டு மக்காவுக்கும் மதீனாவுக்கும் போக வேண்டியிருந்தது.

1953இல் சாமா ஒரு வழி கண்டுபிடித்தது. அது அச்சிட்ட காகிதத்துக்குப் பணம் என்று பெயர் வைக்கவில்லை, 'ஹஜ் பயணிகள் ரசீது' என்று பெயர் வைத்தது. இந்த ரசீதைக் கொண்டுவந்தால் பத்து வெள்ளி ரியால் தரப்படும் என்று பல மொழிகளில் அதில் எழுதியிருந்தது. பயணிகளின் வசதிக்காக வந்த அந்த ரசீதை உள்ளூர் வணிகர்களும் வாங்கிக்கொண்டார்கள். பயணிகள் ஊர் திரும்பிய பின்னும் அது கைமாறிக்கொண்டே இருந்தது. வெள்ளியாக மாற்றிக்கொள்ள யாரும் அவசரப்படவில்லை. வாக்குறுதி எழுதிய காகிதமே பணமாகிவிட்டது. முறையான சவூதி நோட்டுகள் 1961இல்தான் வந்தன.

இந்தியப் பக்கத்திலும் ஒரு சுவாரஸ்யமான கிளைக்கதை இருக்கிறது. ஐம்பதுகளில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், மஸ்கட் எங்கும் இந்திய ரூபாய் செல்லுபடியாகும். தங்கம் கடத்துகிறவர்கள் ரூபாயை அங்கே கொடுத்துத் தங்கம் வாங்க, அந்த ரூபாய் ரிசர்வ் வங்கிக்குத் திரும்பி வந்து பவுண்டு ஸ்டெர்லிங் கேட்கும். செலாவணி கரைந்தது. 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நிறத்தில், இஸட் என்ற முன்னெழுத்துடன் நோட்டு வெளியிட்டது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்குப் பத்து, நூறு ரூபாயில் இன்னொரு தனி நோட்டு, ஹெச்ஏ என்ற முன்னெழுத்துடன். எண்ணின் முன்னால் இருக்கும் ஓரிரு எழுத்துகளே, அந்தக் காகிதம் எந்த நாட்டில் யார் கையில் மதிப்புடையது என்பதைத் தீர்மானித்தன. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் தங்கள் சொந்தத் தினாருக்குப் போய்விட்டன. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதும் கத்தாரும் துபாயும் விலகின. ஓமன் 1970 வரை தாக்குப்பிடித்தது. ஒரே நாணயம் புழங்கியவரை வளைகுடாவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புவதில் மாற்று விகிதம் என்ற சிக்கல் இல்லை. எண்ணெய்ப் பணம் பெருகி நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகத் தொடங்கிய எழுபதுகளில் அந்த வசதி இல்லை. உண்டியல் அந்த இடைவெளியில்தான் தழைத்தது.

உண்டியல் என்ற சொல்லுக்குப் பின்னால் ஹுண்டி என்ற பழைய இந்திய வணிகப் பத்திரம் நிற்கிறது. நகரத்தார் ரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் செட்டிநாட்டுக்குப் பணம் நகர்த்தியது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். காட்டியவுடன் பணம் தர வேண்டியது தர்சனி. தவணை கழித்துத் தர வேண்டியது முத்தத்தி. சரக்கு பத்திரமாய்க் கரை சேர்ந்தால் மட்டும் பணம், கப்பல் மூழ்கினால் இல்லை என்பது ஜோகமி. ஹுண்டியில் தொகையை ஒரு தரம் எழுதிவிட்டு நிறுத்தமாட்டார்கள். ரூபாய் ஆயிரம், அதன் பாதி ஐந்நூறு, அந்தப் பாதியின் இரட்டிப்பு என்று சுற்றிச் சுற்றி எழுதுவார்கள். வழியில் யாராவது ஒரு சுழியைச் சேர்த்தால் பாதிக்கணக்கு அவனைக் காட்டிக்கொடுக்கும். இன்றைய கணினிக்காரர்கள் இதைச் சரிபார்ப்பு எண் என்பார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சா-ஜோக் என்ற வகை. அந்த ஹுண்டிக்குரிய பணத்தை, சந்தையில் பெயருள்ள ஒரு 'சா', அதாவது மதிப்புள்ள வணிகர், வந்து கேட்டால்தான் கொடுப்பார்கள். பிறகு அது திருட்டு ஹுண்டி, போலி ஹுண்டி என்று தெரிந்தால் வாங்கிய 'சா' வட்டியுடன் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஹுண்டி தொலைந்துபோனால் பேட் என்று இரண்டாம் படி, அதுவும் தொலைந்தால் பர்பேட் என்று மூன்றாம் படி எழுதித்தருவார்கள். 1881இல் ஆங்கிலேய அரசு செலாவணிப் பத்திரச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இந்த உள்ளூர் வழக்கங்களில் தலையிட மாட்டோம் என்று முதல் பிரிவிலேயே ஒதுங்கிக்கொண்டது. ஆக ஹுண்டிக்கு இரண்டு தூண்கள் இருந்தன. உரியவர் யார் என்பதற்கான அடையாளம் ஒன்று. தவறு நடந்தால் யார் ஈடு செய்வார் என்ற வழக்கம் மற்றொன்று.

அரபு உலகின் ஹவாலாவும் அந்த இரண்டாவது கேள்வியைத்தான் மோதிக்கொண்டிருந்தது. ஃபிக்ஹ் நூல்களில் ஹவாலா என்பது கடனை ஒருவர் பொறுப்பிலிருந்து மற்றொருவர் பொறுப்புக்கு மாற்றுவது. இன்று நாம் சொல்லும் பணம் அனுப்புதலும் அதுவும் முழுவதும் ஒன்றல்ல, ஆனால் சிக்கல் ஒன்றுதான். நான் உங்களுக்குத் தர வேண்டியதை இன்னார் தருவார் என்று கைகாட்டிவிட்டேன். நீங்களும் சம்மதித்தீர்கள். அந்த இன்னார் சல்லிக்காசு இல்லாமல் இறந்துபோனால்? ஹனஃபி மத்ஹபின்படி கடன் மறுபடி என் தலைக்கு வரும். ஷாஃபி மத்ஹபின்படி வராது. சம்மதித்தபோதே என் பொறுப்பு முடிந்தது. நம் கடலோரத் தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி, உள்நாட்டு ராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனஃபி. கீழக்கரைக்காரரும் கம்பத்துக்காரரும் ஒரே அறையில் படுத்து, ஒரே உண்டியல்காரரிடம் பணம் கொடுத்தாலும், நடுவில் இருப்பவர் கவிழ்ந்தால் நஷ்டம் யாருடையது என்பதற்கு அவரவர் ஊர்ப் பள்ளிவாசலில் வெவ்வேறு பதில் இருந்திருக்கும்.

மறைத்துவைத்துப் பின்னர் திறந்துகாட்டும் உத்திக்கு இதைவிடப் பழைய சான்றுகள் உண்டு. ஈரானின் தென்மேற்கிலுள்ள சூசாவிலும் ஈராக்கின் உருக்கிலும், கி.மு. நான்காம் ஆயிரமாண்டைச் சேர்ந்த களிமண் உருண்டைகள் கிடைத்திருக்கின்றன. ஆட்டுக்கு ஒன்று, எண்ணெய்ச் சாடிக்கு ஒன்று என்று சிறு களிமண் வில்லைகளை உள்ளே போட்டு, உருண்டையை மூடி, மேலே முத்திரை குத்தினார்கள். தகராறு வந்தால் உடைத்து எண்ணலாம். உடைக்காமல் மாற்ற முடியாது. இங்கிலாந்தின் கருவூலமோ ஒரு குச்சியில் கோடு கீறி, நெடுக்காகப் பிளந்து, கடன் கொடுத்தவருக்கொரு பாதி, வாங்கியவருக்கொரு பாதி என்று 1826 வரை கணக்கு வைத்தது. தேங்கிப்போன குச்சிகளை 1834 அக்டோபரில் நாடாளுமன்றக் கட்டடத்து அடுப்பில் போட்டு எரிக்கப்போய், நாடாளுமன்றமே எரிந்தது. கிழித்த நோட்டுக்கு அந்தக் குச்சி பாட்டன் முறை.

கணினிக்கு இது வந்து சேர்ந்தது எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும். 1981இல் மானுவல் புளூம் ஒரு கேள்வியை எழுப்பினார். விவாகரத்து ஆன இருவர், கார் யாருக்கு என்று தொலைபேசியில் காசு சுண்டித் தீர்மானிக்க முடியுமா? ஒருவரை ஒருவர் நம்பமாட்டார்கள், காசை இருவரும் பார்க்கவும் முடியாது. முதலாமவர் தன் தேர்வைப் பூட்டிக் கொடுத்துவிட வேண்டும், இரண்டாமவர் ஊகித்துச் சொன்ன பிறகு பூட்டைத் திறக்க வேண்டும். அதே ஆண்டு லெஸ்லி லாம்போர்ட் கடவுச்சொல்லுக்கு ஒரு சங்கிலி வடிவமைத்தார். ஓர் இரகசிய எண்ணை எடுத்து அதன் ஹாஷைக் கணக்கிடு. வந்த விடையின் ஹாஷைக் கணக்கிடு. இப்படி ஆயிரம் தடவை. ஆயிரமாவது விடையை மட்டும் எதிர்ப்பக்கத்தில் கொடுத்துவை. முதல் தடவை உள்ளே நுழைய 999ஆவதைக் காட்டு, அடுத்த தடவை 998ஆவதை. காட்டியதை ஒட்டுக்கேட்டவனுக்குப் பயனில்லை, ஏனென்றால் அடுத்து வேண்டியது அதற்கு முந்தையது. பின்னோக்கிப் போக வழியில்லை.

1996இல் ரிவெஸ்டும் ஷமீரும் இந்தச் சங்கிலியைப் பணமாக்கினார்கள். பேவேர்டு என்று பெயர். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சிறு காசு. கடைக்காரரிடம் முதலில் கடைசிக் கண்ணியைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கண்ணி பின்னோக்கிக் காட்டிக்கொண்டே போகலாம். கடைக்காரர் கடைசியாகக் கிடைத்த ஒன்றை மட்டும் வங்கியில் காட்டினால் போதும், மொத்தக் கணக்கும் அதில் அடங்கும். ஷரஃபியா டீக்கடையில் பற்று நோட்டில் கோடு போட்டு மாதக் கடைசியில் எண்ணுகிறார்களே, அதுதான். வித்தியாசம் ஒன்று: டீக்கடைக்காரர் தானாக ஒரு கோடு கூட்டிப் போட்டால் கண்டுபிடிக்க முடியாது. பேவேர்டில் கூட்டவே முடியாது.

அதே காலத்தில் விசாவும் மாஸ்டர்கார்டும் சேர்ந்து செட் என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தன. வாங்கிய பொருளின் விவரத்துக்கு ஒரு ஹாஷ், அட்டை விவரத்துக்கு ஒரு ஹாஷ், இரண்டையும் சேர்த்து ஒரு கையெழுத்து. கடைக்காரருக்குப் பொருள் விவரமும் அட்டையின் ஹாஷும் மட்டும் போகும். வங்கிக்கு அட்டை விவரமும் பொருளின் ஹாஷும் மட்டும் போகும். இரண்டும் ஒரே பரிவர்த்தனைக்குரியவை என்று இருவரும் உறுதி செய்துகொள்ளலாம், ஆனால் ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது. அருமையான வடிவமைப்பு. ஒவ்வொரு வாடிக்கையாளரும் எண்முறைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்ததால் யாரும் பயன்படுத்தவில்லை. அட்டை எண்ணை அப்படியே கடைக்காரரிடம் கொடுக்கும் வழக்கமே வென்றது. அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம்.

ஹாஷுக்கும் பலவீனங்கள் உண்டு. இரண்டு வெவ்வேறு செய்திகளுக்கு ஒரே ஹாஷ் வந்தால் முன்னுறுதி குலைந்துவிடும். பூட்டியவர் தனக்கு வசதியான எதையும் திறந்து காட்டலாம். ஒரே எண்ணில் இரண்டு நோட்டு இருப்பது போல. எம்டி5 என்ற பழைய சார்பை 2004இல் வாங் சியாவ்யுனும் கூட்டாளிகளும் அப்படி உடைத்தார்கள். ஷா-1 2017இல் உடைந்தது. இப்போது பரவலாக இருப்பது ஷா-256. இன்னொரு பலவீனம் எளிமையானது. கைப்பேசி எண்ணை மட்டும் ஹாஷ் செய்து 'மறைத்துவிட்டேன்' என்று சொல்லும் செயலிகள் உண்டு. பத்து இலக்க எண்கள் மொத்தம் ஆயிரம் கோடிதான். விளையாட்டுக்கு வாங்கும் கணினியே எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். அதனால்தான் மறைக்க வேண்டியதோடு ஊகிக்க முடியாத ஒரு பெரிய எண்ணையும் கலந்து ஹாஷ் செய்ய வேண்டும்.

இந்த வரலாற்றில் உண்டியலுக்கு மிக அருகில் வருவது, 2016இல் ஜோசப் பூனும் தாடியஸ் டிரைஜாவும் முன்வைத்த லைட்னிங் வலைப்பின்னல். பிட்காயினுக்காக எழுதப்பட்டது. பிட்காயினின் விலையைப் பற்றியோ அதில் பணம் போடலாமா என்பது பற்றியோ இங்கே பேச்சில்லை. பணம் நகரும் விதத்தை மட்டும் பாருங்கள். கீழக்கரையில் பணம் வாங்க வேண்டியவர் ஓர் இரகசிய எண்ணை உருவாக்கி, அதன் ஹாஷை மட்டும் ஜித்தாவுக்குச் சொல்கிறார். ஜித்தாக்காரர் முதல் இடைத்தரகரிடம், 'இந்த ஹாஷுக்குரிய இரகசியத்தை மூன்று நாளுக்குள் காட்டினால் பணம் உனக்கு, இல்லாவிட்டால் எனக்கே திரும்பும்' என்று பணத்தைப் பூட்டி வைக்கிறார். முதல் தரகர் இரண்டாமவரிடம் அதே பூட்டுப் போடுகிறார், கெடு இரண்டு நாள். இரண்டாமவர் கீழக்கரைக்காரரிடம் பூட்டுகிறார், கெடு ஒரு நாள். அவர் இரகசியத்தைக் காட்டிப் பணத்தை எடுக்கிறார். இரண்டாமவர் அதை முதலாமவரிடம் காட்டுகிறார். முதலாமவர் ஜித்தாக்காரரிடம் காட்டுகிறார். பணம் முன்னே போகிறது, இரகசியம் பின்னே வருகிறது.

நோட்டு எண் அப்படியே இருக்கிறது. ஆனால் இரண்டு மாறுதல்கள். ஒன்று, கெடு. நடுவில் ஒருவர் ஓடிப்போனாலும் பணம் அதனதன் இடத்துக்குத் திரும்பிவிடும். அதற்கு விலையாக ஒவ்வொரு தரகரும் தன் பணத்தை முன்கூட்டிப் பூட்டி வைக்க வேண்டியிருக்கிறது. உண்டியல்காரர் எதையும் பூட்டுவதில்லை. ஜித்தாவுக்கும் சென்னைக்கும் இடையே பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். தங்கமாகவோ சரக்காகவோ எதிர்த்திசையில் வரும் பணமாகவோ எப்போதாவது தீரும். உண்டியல் மலிவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது மாறுதலை நான் பெரிதாக எண்ணுகிறேன். லைட்னிங்கில் இரகசியம் பணம் அனுப்பியவர் கைவரை திரும்பி வருகிறது. 'பணம் சேர்ந்தது' என்பதற்கு அவர் கையில் சான்று இருக்கிறது. ஷரஃபியாவில் பையன் வாங்கிப்போன நோட்டு சென்னைக் கூட்டாளி வரைக்கும்தான் போனது. அது உண்டியல்காரர்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் ரசீது. ரியால் கொடுத்தவரிடம் ஒன்றும் வரவில்லை. ஊரிலிருந்து கடிதம் வர இரண்டு வாரம். வெளிநாட்டு அழைப்புக்குக் கட்டணம் நெஞ்சைப் பிடிக்க வைக்கும். பணம் சேரவில்லை என்று தெரிந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது? போலீஸ் நிலையத்துக்குப் போனால் முதல் குற்றவாளி புகார் கொடுத்தவரே. ஹுண்டியின் முதல் தூண் உண்டியலில் அப்படியே நின்றது. சா-ஜோக்கின் அந்த இரண்டாவது தூண், பெயருள்ள ஒருவர் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்ற கடமை, கடல் தாண்டும்போது எங்கோ விழுந்துபோனது. பெரும்பாலான உண்டியல்காரர்கள் நாணயமாகத்தான் நடந்துகொண்டார்கள், இல்லையென்றால் தொழில் நடந்திருக்காது. ஆனால் அந்த நாணயம் அவரவர் ஊர்ப்பெயரையும் உறவையும் நம்பி நின்றது.

அந்த நம்பிக்கை ஓர் அரசின் ஒரே ஆணையில் கவிழ்வதையும் வளைகுடா பார்த்திருக்கிறது. துபாயைத் தலைமையிடமாகக் கொண்டு சோமாலியர்களுக்குப் பணம் அனுப்பிவந்த அல் பரகாத் நிறுவனத்தை 2001 நவம்பரில் அமெரிக்கா முடக்கியது. வழியில் இருந்த பணம் வழியிலேயே நின்றது. பயங்கரவாதத்துக்குப் பணம் போனதாகச் சொல்லப்பட்டதற்குத் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2004இல் செப்டம்பர் 11 விசாரணை ஆணையத்தின் ஊழியர் அறிக்கை எழுதியது. இதற்கிடையே 2002 மே மாதம் அபுதாபியில் ஹவாலா பற்றி மாநாடு கூடியது. ஐக்கிய அரபு அமீரகம் ஹவாலாக்காரர்களைத் தடை செய்வதற்குப் பதிலாகப் பதிவு செய்துகொள்ளச் சொன்னது. வளைகுடாவில் இது புத்திசாலித்தனமான முடிவு என்பது என் எண்ணம்.

இலங்கையில் உண்டியலின் பலம் தெரிந்தது 2021இல். மத்திய வங்கி டாலரை 200 ரூபாய்ச் சுற்றில் பிடித்து வைத்திருந்தது. உண்டியலில் அதைவிட அதிகம் கிடைத்தது. ஜித்தாவிலோ தோஹாவிலோ வீட்டு வேலை செய்யும் பெண் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் மர்மமில்லை. வங்கி வழியே வந்த பணம் 2020இல் சுமார் 710 கோடி டாலர், 2021இல் 549 கோடி, 2022இல் 379 கோடி. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது நாட்டில் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் டாலர் இல்லை. அதை உண்டியல்காரர்களின் துரோகம் என்று எழுதியவர்கள் உண்டு. விகிதத்தைப் பிடித்து வைத்தவர்களைப் பற்றி அவர்கள் அவ்வளவு எழுதவில்லை.

மத்திய வங்கிகளும் இதே கருவியைக் கையில் எடுத்தன. சவூதியின் சாமாவும் அமீரக மத்திய வங்கியும் 2019 ஜனவரியில் 'ஆபிர்' என்ற கூட்டுத் திட்டத்தை அறிவித்தன. கடந்து செல்வது என்று பொருள். இரு நாட்டுக்கும் பொதுவான ஒரு எண்முறை நாணயத்தை ஆறு வணிக வங்கிகளோடு, உண்மைப் பணம் வைத்துச் சோதித்து, 2020 நவம்பரில் அறிக்கை வெளியிட்டன. அவர்கள் பயன்படுத்திய ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கில் ஒரு வசதி உண்டு: பரிவர்த்தனையின் விவரம் சம்பந்தப்பட்ட இருவரிடம் மட்டும் இருக்கும், பொதுப் பேரேட்டில் அதன் ஹாஷ் மட்டும் பதிவாகும். பிறகு தகராறு வந்தால் விவரத்தைக் காட்டி ஹாஷோடு ஒப்பிடலாம். சூசாவின் களிமண் உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆபிர் வங்கிக்கும் வங்கிக்கும் இடையிலானது. ஷரஃபியாவில் வரிசையில் நிற்பவர் அதைக் கண்ணால் பார்க்கமாட்டார்.

அவர் இன்று பார்ப்பது வேறு. பணமாற்று நிலையத்தில் கொடுக்கும் சீட்டில் ஒரு கட்டுப்பாட்டு எண் இருக்கும். அல்லது கைப்பேசிச் செயலியில் ஆறு இலக்க ஒடிபி வரும். நோட்டு எண்ணோடு ஒப்பிட்டால் இவை ஒருபடி பின்வாங்கல். நோட்டு எண்ணைக் கூரைமேல் ஏறிக் கத்தினாலும் நஷ்டமில்லை, அது இரகசியத்தின் நிழல் மட்டுமே. ஒடிபியோ இரகசியமேதான். சொன்னால் போயிற்று. 'உங்கள் இகாமா காலாவதியாகிறது, உங்கள் வங்கி அட்டை முடக்கப்படும்' என்று நல்ல தமிழிலோ இந்தியிலோ பேசி, அந்த ஆறு இலக்கத்தைக் கறந்துவிடும் குரல்களை வளைகுடாவில் கேட்காதவர் குறைவு. பறிபோவது பெரும்பாலும் மாதச் சம்பளம் மொத்தமும். அனுப்பியவரே அனுமதி கொடுத்ததாகத்தான் வங்கிப் பதிவேட்டில் இருக்கும்.

அமீரக வங்கிகள் 2025 ஜூலையிலிருந்து குறுஞ்செய்தி ஒடிபியைப் படிப்படியாகக் கைவிடத் தொடங்கிவிட்டன. இனி ஒப்புதல் செயலிக்குள்ளேயே நடக்கும். வாசித்துக் காட்ட ஆறு இலக்கம் எதுவும் வராது. ஷரஃபியாவிலும் இது வந்து சேரும்போது, பழைய நோட்டுக்காரர்கள் தொலைபேசியில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிரித்து வைத்த கோட்டுக்கு வங்கிகள் திரும்பியிருக்கும். கைப்பேசி தொலைந்தாலோ, இகாமா முடிந்து சிம் பறிபோய் ஊர் திரும்பினாலோ அந்தக் கணக்கில் மிச்சமிருக்கும் ரியாலை எப்படி மீட்பது என்று கவுண்டரில் கேட்டால், செயலியின் உதவி எண்ணை அழைக்கச் சொல்கிறார்கள். பேட், பர்பேட் எழுதித்தர அங்கே ஆள் இல்லை.